ஊர் வரலாறு தொகுக்கிறோம்: ஏரிக்கல், சந்தை, பூச்சாட்டு, இதில் எதிலிருந்து தொடங்குவது?

ஓமலூர்ப்பக்கம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. தாரமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அடுத்த ஆடித் திருவிழாவுக்குள்ள 80 பக்கத்துக்கு ஊர் வரலாறு ஒன்னு போடணும்னு ஊர்க்கூட்டத்துல முடிவாச்சு. வேலைக்கு நாங்க நாலு பேர். கையில இருக்கிறது இவ்வளவுதான்: ஏரி மதகுப் பக்கம் பாதி மண்ணுக்குள்ள இருக்கிற எழுத்துக் கல், ஊர் எல்லையில ஒரு நடுகல், வாரச்சந்தை, மாரியம்மன் கோயில் தலைக்கட்டு வரி நோட்டுகள்.

ஊர் சோழர் காலத்ததுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, தாரமங்கலத்தை ஆண்ட கெட்டி முதலிகள் உண்டாக்கினதுன்னு இன்னொரு பக்கம். ஊர்ப்பெயருக்கே மூனு கதை இருக்கு. எதை முதல்ல எடுக்கிறது? கல்லை எப்படிப் படிக்கிறது? பெரியவங்ககிட்ட எப்படிக் கேட்கிறது? விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

---

பட்டாசிட்டா

பெயர்க் காரணத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள். அதில் ஆரம்பித்தால் முதல் மாதம் முழுக்கச் சண்டையிலேயே போய்விடும். முதலில் நிலத்தைப் படியுங்கள்.

கிராம ‘அ’ பதிவேட்டை (ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில விவரம் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு) எடுங்கள். தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் ஒவ்வொரு புல எண்ணாகப் பார்க்கலாம். முழுப் பதிவேடு வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம்தான் போக வேண்டும். எல்லோரும் பட்டாதாரர் பெயரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் புறம்போக்கு வரிகளையும் குறிப்புக் கலத்தையும் பாருங்கள். ஏரி, களம், மந்தைவெளி, சந்தை, வண்டிப்பாதை, சுடுகாடு, நத்தம் (குடியிருப்பு நிலம்) என்று இருக்கும். இன்று வீடாகிப்போன இடம் பதிவேட்டில் ‘மந்தைவெளி’ என்றிருந்தால், ஊரின் பழைய விளிம்பு அதுதான். நத்தத்துக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம், புறம்போக்குக்கு ஒரு நிறம் என்று கிராம வரைபடத்தில் தீட்டுங்கள். ஊர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வளர்ந்தது என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இப்போதைய பதிவேடு 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) கணக்கிலிருந்து வருவது. அதில் உட்பிரிவுகள் மாறிவிட்டன. 1960 பத்திரத்தில் உள்ள எண்ணை அப்படியே இன்றைய எண்ணோடு பொருத்தினால் வேறு நிலத்தில் போய் நிற்பீர்கள். பழைய எண், புது எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

சேலம் மாவட்டத்துக்கென்றே உள்ள இன்னொரு விஷயம். 1792-இல் திப்புவிடமிருந்து கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குச் சேலமும் பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் குடிவாரியாக வரி போடும் முறையைப் பழகினார்கள். பிறகு நிரந்தரத் தீர்வை வந்ததும் பல கிராமங்கள் மிட்டாவாக (நிலையான வரி கட்டும் ஜமீன் போன்ற எஸ்டேட்டாக) ஏலம் போயின. உங்கள் ஊர் ரயத்துவாரியா (அந்தக் குடிவாரி முறை) மிட்டாவா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மிட்டா கிராமம் என்றால் 19-ஆம் நூற்றாண்டு சர்க்கார் செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தாலும் பயனிருக்காது. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அளந்த கணக்குதான் கிடைக்கும். இது தெரியாமல் ‘ரெக்கார்டு காணாமல் போச்சு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது காணாமல் போகவில்லை, எழுதப்படவே இல்லை. கோயில் மானியம், ஊழிய மானியம் ஏதாவது இருந்தால் 1860-களின் இனாம் பதிவேட்டையும் கேளுங்கள். யாருக்கு, எந்த வேலைக்காக, எவ்வளவு நிலம் என்று அதில் இருக்கும்.

அச்சில் இரண்டு மூலம் போதும். லெ ஃபானு தொகுத்த 1883 மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918 கெசட்டியர். இரண்டும் வருடிய பிரதிகளாக இணையத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், ‘ழ’வும் ‘ற’வும் அவர்கள் கையில் என்னவெல்லாமோ ஆகியிருக்கும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத் திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனித் தொகுதி வெளியிட்டார்கள். உங்கள் மாரியம்மன் நோன்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

---

கல்லெழுத்து

கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் செய்யக் கூடாதவை. சாக்பீஸ், விபூதி, மைதா, எண்ணெய் எதையும் எழுத்துக்குள் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடவே கூடாது. சாக்பீஸ் போடுகிறவர் தனக்குப் பிடித்த எழுத்தைத்தான் வரைவார். பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லோரும் அவர் வரைந்ததையே படிப்பார்கள்.

தண்ணீரும் தென்னைநார் பிரஷும் போதும். மண் காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியை அரைமணி நேரம் போர்த்திவிட்டு மூங்கில் குச்சியால் நெம்புங்கள். பிறகு இருட்டும்வரை காத்திருங்கள். ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல, கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தால் பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல்கூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று கோணத்தில் வெளிச்சம் காட்டிப் படம் எடுங்கள். ஒரே பக்கத்து வெளிச்சத்தில் அதே திசையில் ஓடும் கோடு மறைந்துபோகும், ‘ப’ ‘ட’ ஆகிவிடும். ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

மைப்படி (கல்லெழுத்தை மை ஒற்றித் தாளில் எடுக்கும் பிரதி) எடுக்க வேண்டுமானால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் கல் என்றால் அறநிலையத்துறை செயல் அலுவலரிடம். தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இடமென்றால் அந்தத் துறையிடம் கேட்காமல் தொடவே கூடாது. செய்முறை பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேண்டும். கல்லை நனைத்து, நனைத்த கெட்டி மேப்லித்தோ தாளை மேலே விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழியைத் தள்ளிவிட்டு, அடர்த்தியான மயிர் பிரஷால் செங்குத்தாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். தாளின் பளபளப்பு போய், தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கிற பதம்தான் மை போடும் நேரம். விளக்குக்கரியும் கருவேலம்பிசினும் கலந்த மையைத் துணிப்பந்தில் ஒற்றி, இன்னொரு தாளில் ஒருமுறை தட்டி மிச்சத்தைக் கழித்துவிட்டுக் கல்மேல் மெல்ல ஒற்றுங்கள். மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவி எழுத்துக்குள் ஓடிவிடும். காய்ந்துவிட்டால் ஓரம் எழும்பி மொத்தத் தாளும் நகர்ந்துவிடும். ஏரிக்கரையில் பகல் ஏற ஏறக் காற்று கெடுக்கும், அதனால் விடிந்ததும் முடித்துவிடுங்கள். முதல் இரண்டு தாள் வீணாகத்தான் போகும்.

படிக்கும்போது பழைய கல்லில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே மாதிரி நிற்கும். எண்தான் பலரை ஏமாற்றுகிறது. ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். ௰ ‘ய’, ௱ ‘ள’, ௲ ‘சூ’ என்று தோன்றும். அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம் வந்தால் அது எண்ணாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆண்டுக் கணக்கு: சகாப்தத்தோடு 78 கூட்டுங்கள், கலியுகத்தில் 3101 கழியுங்கள், பசலியோடு 590 கூட்டுங்கள். ஓராண்டு முன்பின் ஆகலாம், ஏனென்றால் தமிழாண்டு சித்திரையில் தொடங்குகிறது, பசலி இப்போது ஜூலையில் தொடங்குகிறது. பிரபவ முதலான பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் எந்தச் சுற்று என்று சொல்ல முடியும்.

நடுகல்லை இடம் மாற்றாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். வீரன் எந்தத் திசை பார்க்கிறான், கையில் வில்லா வாளா, காலடியில் மாடா புலியா நாயா என்று அளவோடு குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாத நடுகல்லுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

---

ஆடிப்பண்டிகை

ஓமலூர்ப்பக்கம் தம்பி, மத்த எல்லாத்தையும் விட உங்ககிட்ட இருக்கிற தலைக்கட்டு வரி நோட்டுதான் பெரிய சொத்து. கல்லு நூறு வருஷம் காத்திருக்கும், நோட்டைக் கரையான் காத்திருக்க விடாது. இன்னைக்கே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து ரெண்டு இடத்துல வச்சிருங்க.

கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டுன்னு வரி போடுவாங்க. சில ஊர்ல விதவைக்கு அரை வரி, சில ஊர்ல வரியே இல்ல. அதனால நோட்டுல இருக்கிற எண்ணிக்கையை மக்கள்தொகைன்னு நினைச்சுறாதீங்க. ஆனா பத்து வருஷ நோட்டை வரிசையா வச்சா எந்தத் தெரு பெருத்துச்சு, எந்தக் குடும்பம் சேலத்துக்கும் திருப்பூருக்கும் போச்சு, எப்ப தறி வந்துச்சுன்னு தெரியும். பேருக்கு நேரா ‘ஊரில் இல்லை’ன்னு எழுதி இருக்கிற வருஷங்களைத் தனியாக் குறிச்சுக்கங்க.

அதைவிட முக்கியம், நோட்டுல யார் பேர் இல்லைங்கிறது. பல ஊர்ல சேரிக்காரங்க பேரு பொது வரியில இருக்காது, ஆனா பறையடிக்கிறது, கம்பத்துக்கு (கோயில் முன்னாடி நடற கவை மரம்) காவல், கிடா வெட்டு, தீப்பந்தம்னு திருவிழா வேலையில அவங்க பங்கு இல்லாம ஒரு நாளும் நகராது. வண்ணார், நாவிதர், குயவர் எல்லாருக்கும் இப்படித்தான். திருவிழா தொடங்கற பூச்சாட்டுல இருந்து முடியற மஞ்சநீர் வரைக்கும் ஒவ்வொரு நாளும் யார் எதைக் கொண்டு வராங்க, யாருக்கு என்ன படி அளந்தாங்க, யார் எந்த இடம் வரைக்கும்தான் வரலாம்னு இருந்துச்சு, அது எப்ப மாறுச்சு, யார் கேட்டு மாறுச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. முதல் மரியாதை வாங்கறவங்க பேரை மட்டும் போட்டு ‘ஊர் ஒற்றுமையாக வாழ்ந்தது’ன்னு எழுதினா அது பாதி ஊரோட வரலாறுதான். இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

கம்பம் எந்த மரம், எத்தனை கவை, எந்தத் தோட்டத்துல வெட்டறாங்க, கடைசியில எந்தக் கிணத்துல விடறாங்கன்னு கேளுங்க. கிணறு பேரு கிடைச்சா பழைய நீர்வழி கிடைக்கும். குகைங்கிற பேட்டையில ஆடியில நடக்கிற வண்டி வேடிக்கை மாதிரி சேலம் டவுன் வழக்கம் உங்க ஊருக்கு வந்திருந்தா எந்த வருஷத்துல வந்துச்சுன்னு பாருங்க.

இன்னொன்னு. ஊருக்குள்ள இருக்கிற வயசான பொம்பளைங்கள்ல ரொம்பப் பேரு வாக்கப்பட்டு வந்தவங்க. உங்க ஊர்ல பொறந்து வளர்ந்த பெண்கள் மேச்சேரியிலயும் எடப்பாடியிலயும் இருக்காங்க. ஆடிக்குத்தான் பொறந்த வீட்டுக்கு வருவாங்க. அந்த ரெண்டு நாளை விட்றாதீங்க.

---

காப்பிமேடு

பேட்டி எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள். “கூலி அணாவில் வாங்கினீர்களா, நயா பைசாவிலா?” என்று கேளுங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. “கர்ணம் (பழைய ஊர்க் கணக்குப்பிள்ளை) இருந்தாரா, விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வந்துவிட்டாரா?” கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. “சத்துணவு போட்டார்களா?” அது 1982. இப்படி இரண்டு முளைக்கு நடுவே கட்டினால் நிகழ்ச்சி தானாக ஆண்டில் வந்து உட்காரும்.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்தி, பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, ஊர், பேசுபவர் பெயர், பதிவுக்குச் சம்மதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். நாலு பேரால் ஆறு மாதத்தில் இருபது பேட்டிக்கு மேல் உருப்படியாக முடிக்க முடியாது, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் ஊர் மேற்கே இருப்பதால் இதையும் கேளுங்கள்: மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது, நீர்தேங்கும் பகுதியில் இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது அந்த ஊர்களின் மிச்சம்தான். உங்கள் ஊரில் குலதெய்வம் வேறெங்கோ இருக்கிற குடும்பங்களின் கதையில் ‘அணைக்குள்ள போன ஊரு’ வருகிறதா என்று பாருங்கள்.

சேர்வராயன் மலைக்கிராமங்களுக்கு இதே முறையை அப்படியே கொண்டுபோனால் தப்பாகிவிடும், யாராவது ஏற்காட்டுப் பக்கம் தொகுக்கிறார்கள் என்றால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே கல்லெழுத்தை நம்பி இருக்க முடியாது. மலையாளி மக்களின் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளில் வாழும் பழங்குடியினர்) ஊர்கள் ‘நாடு’ (பல ஊர் சேர்ந்த தொகுதி) கணக்கில் அடங்குபவை, வழிமரபுக் கதை காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் தொடங்கும். காகித ஆவணம் பெரும்பாலும் தோட்டக்காரர் பக்கத்தில் இருந்து எழுதியது. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பி கொண்டுவந்ததை எல்லோரும் எழுதுவார்கள், அந்தச் சரிவில் அதற்கு முன் யார் சாமையும் ராகியும் போட்டார்கள் என்பதை மே மாதம் சேர்வராயன் குகைக்கோயில் திருவிழாவுக்கு வரும் ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

---

பட்டாசிட்டா

சந்தையை யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தை வசூல் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகும். ஏலப் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும், பழசென்றால் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு காலத்துக் காகிதம். ஏலத்தொகை சட்டென்று விழுந்த வருஷத்தில் பஸ் வந்திருக்கும், இல்லை பக்கத்தில் புதுச் சந்தை கூடியிருக்கும்.

பதிவேடு இல்லாவிட்டாலும் வழி உண்டு. வியாபாரி திங்கள் ஓரூர், செவ்வாய் ஓரூர் என்று சுற்றுவார், அடுத்தடுத்த ஊர்களின் சந்தை ஒரே கிழமையில் கூடாது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்குப் பெயரே கிழமையால் வந்தது. கருவாடு, மிளகாய், பானை விற்கிற மூன்று வயதான வியாபாரிகளிடம் அவர்களுடைய ஏழு நாள் சுற்றைக் கேட்டு வரைபடத்தில் கோடு போடுங்கள். உங்கள் ஊர் தாரமங்கலத்தோடு சேர்ந்ததா மேச்சேரியோடு சேர்ந்ததா என்பது தாலுகா எல்லையைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

---

ஓமலூர்ப்பக்கம்

ரொம்ப நன்றிங்க. சொன்னபடி ராத்திரி டார்ச் வச்சுப் பார்த்தோம். ஏழு வரி. ‘மதகு’, ‘கட்டினது’ ரெண்டும் தெளிவா இருக்கு. கடைசிக்கு முந்தின வரியில ‘தாது வருஷம் மாசி மாதம்’. அதுக்கு மேல ‘சூ அ ள எ ய எ’ன்னு இருக்கு, யாருக்கும் புரியல. சோழர் பேரும் இல்ல, கெட்டி முதலி பேரும் இல்ல.

---

கல்லெழுத்து

அது எண்தான்: ௲௮௱௭௰௭. ஆயிரத்து எட்டுநூற்று எழுபத்தேழு. தாது 1876 சித்திரையில் தொடங்கி 1877 பங்குனியில் முடிந்தது, மாசி என்றால் 1877 பிப்ரவரி-மார்ச். எண்ணும் பெயரும் மாதமும் மூன்றும் பொருந்துகின்றன, அதனால் 1936-இல் வந்த அடுத்த தாதுவோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

தாது வருஷப் பஞ்சத்தின் உச்சத்தில் உங்கள் ஊர் மதகு கட்டப்பட்டிருக்கிறது. 1876-78 பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பைவிட 1881-இல் மாவட்ட மக்கள்தொகையே குறைந்தது. சாலை, ஏரி வேலை கொடுத்துக் கூலி கொடுத்த காலம் அது. ஆனாலும் ‘பஞ்ச நிவாரண வேலை’ என்று இப்போதே எழுதிவிடாதீர்கள். மிட்டாதாரரோ ஊராரோ கட்டியதாகவும் இருக்கலாம். மீதி ஐந்து வரியில் ‘உபயம்’ என்றோ ஆள் பெயரோ வந்தால் ஒரு வழி. ‘துரை’, ‘சர்க்கார்’ என்று வந்தால் வேறு வழி, அப்போது 1877 வருவாய் வாரிய நடவடிக்கைகளில் ஓமலூர்த் தாலுகா ஏரிகளைத் தேட வேண்டும். மதகு 1877 என்பதால் ஏரியும் 1877 என்று ஆகாது. ஏரி எவ்வளவோ பழையதாக இருக்கலாம்.

---

ஆடிப்பண்டிகை

அந்தப் பஞ்சத்துல ஊரை விட்டுப் போன, ஊருக்கு வந்த வம்சங்களைக் கேளுங்க தம்பி. ‘தாதுப் பஞ்சத்துல வந்து குடியேறினவங்க’ன்னு சொல்ற வீடு ஒன்னாவது இருக்கும். ஒப்பாரியிலயும் கும்மியிலயும் அந்தப் பஞ்சம் வரும், பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க.

---

ஓமலூர்ப்பக்கம்

உடம்பு சிலிர்க்குதுங்க. ஒரே கவலை, இந்த ஏரியில தூர்வாரும் வேலை வர மாசம் ஆரம்பிக்குதுன்னு பேசிக்கிறாங்க. பொக்லைன் கரைமேலதான் ஏறும்.

---

பட்டாசிட்டா

அப்படியானால் படிப்பதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். ஏரியின் புல எண், மதகிலிருந்து கல் எத்தனை மீட்டர், எந்தத் திசை, போனில் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, நான்கு படம், இதுவரை படித்த வரிகள், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். விஏஓ, வட்டாட்சியர், வேலையை எடுத்திருக்கும் பொறியாளர் அலுவலகம், சேலம் அரசு அருங்காட்சியகம் நான்கு இடத்திலும் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். கல்லைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளி நாலு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பொக்லைன் ஓட்டுநருக்குக் கடிதம் போகாது, துணிதான் தெரியும். வேலை தொடங்கும் அன்று காலையில் உங்களில் ஒருவர் கரையில் நின்று அவரிடம் நேராகக் காட்டிவிட வேண்டும்.